முதல் ஸ்கூபா டைவ்: கரையிலேயே முடிவாகிற விஷயங்கள்

வெப்பமண்டலக் கடலோரத்துக்கு விடுமுறை போகிற பலருக்கு ஸ்கூபா ஆசை அங்கே போய் இறங்கிய பிறகுதான் வருகிறது. கடற்கரையில் ஒரு பலகை, பக்கத்தில் காயப்போட்ட வெட்சூட்கள் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டி அணியும் உடை), "நீச்சல் தெரியாட்டியும் பரவாயில்லை, வாங்க" என்று அழைக்கும் ஒருவர். ஒரு மணி நேரத்துக்குள் முதுகில் சிலிண்டரோடு தண்ணீரில் நிற்கிறார்கள். அப்படிப் போகிறவர்களிலும் பெரும்பாலோர் சிரித்த முகத்தோடுதான் கரையேறுகிறார்கள். காதைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் பேசிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கரையிலேயே இருக்கும். மருத்துவப் படிவத்தைப் படிக்க யாரும் விடவில்லை, நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப காதை எப்படிச் சமன்செய்வது என்று ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை, ஆழமில்லாத இடத்தில் பழக நேரம் கொடுக்கவில்லை.

நீருக்குள் புதியவருக்கு மூன்றே வேலை. மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே இருப்பது, காதைச் சமன்செய்வது, ஏதாவது சரியில்லை என்றால் கையைக் காட்டிச் சொல்வது. மற்றதைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். அதனால் அந்தப் பயிற்றுநர் யார், உங்களுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்பதை முதலில் பாருங்கள். எந்தப் பவளத்திட்டு, என்ன மீன் என்பதெல்லாம் பிறகு.

எதில் சேரப்போகிறீர்கள்?

சுற்றுலாத் தலங்களில் 'ஸ்கூபா' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்களை விற்கிறார்கள். தலையில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஹெல்மெட் மாட்டி, மேலிருந்து குழாய் வழியே காற்று அனுப்பி, கடல் தரையில் நடக்க விடுவது ஒன்று. அது ஸ்கூபாவே இல்லை. இரண்டாவது, ட்ரை டைவ் எனப்படும் அறிமுக டைவ். காலையில் பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு பயிற்றுநரோடு கடலில் ஒரு டைவ். பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி நிறுவனம் இதற்கு வைத்திருக்கும் ஆழ வரம்பு 12 மீட்டர், குறைந்தபட்ச வயது 10. மூன்றாவது, ஓப்பன் வாட்டர் சான்றிதழ் படிப்பு. மூன்று நான்கு நாள் பிடிக்கும். அதை முடித்தால் ஒரு துணையோடு 18 மீட்டர் வரை நீங்களே போகலாம்.

முதல் தடவைக்கு ட்ரை டைவே போதும். மூன்று நாளைப் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, முதல் நாளே பிடிக்கவில்லை என்றால் விடுமுறையே கசந்துவிடும்.

நீச்சல் கட்டாயமா? சான்றிதழ் படிப்புக்குக் கட்டாயம். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். ட்ரை டைவுக்குப் பல மையங்கள் நீச்சல் கேட்பதில்லை. ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டாலே பதறுகிறவர் நேராகக் கடலுக்குப் போவது நல்ல யோசனை இல்லை. போவதற்கு முன் சில நாள் ஒரு நீச்சல் குளத்தில் இடுப்பளவு ஆழத்தில் நின்று, தலையை உள்ளே விட்டு, வாய் வழியாகக் குமிழி விட்டுப் பழகுங்கள். நீந்தக் கற்காவிட்டாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

படிவத்தில் பொய் வேண்டாம்

டைவ் மையத்தில் உங்களுக்கு ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். பலர் அதைக் கையெழுத்துப் போட வேண்டிய இன்னொரு காகிதம் என்று நினைத்து, வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் படிவத்தின் முதல் பக்கத்தில் 10 கேள்விகள் இருக்கின்றன. நுரையீரல், இதயம், காது, சைனஸ், வலிப்பு, மயக்கம், சமீபத்திய அறுவை சிகிச்சை, சர்க்கரை நோய், தினசரி மாத்திரைகள், 45 வயது தாண்டியவரா என்பது வரை கேட்பார்கள். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அதோடு கதவு மூடிவிடாது. சிலவற்றுக்கு அடுத்த பக்கத்தில் துணைக்கேள்விகள் இருக்கும். சிலவற்றுக்கு மருத்துவர் கையெழுத்து வேண்டியிருக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் டைவிங்கைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

ஆஸ்துமாவை ஏன் இவ்வளவு துருவிக் கேட்கிறார்கள்? மேலே ஏறும்போது நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் விரிகிற காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. கரையில் சாதாரண இளைப்பாகத் தெரிவது நீருக்கடியில் வேறு விஷயம் ஆகிவிடும்.

இந்தப் படிவத்தை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்பே நிரப்பிப் பாருங்கள். எங்காவது 'ஆம்' வந்தால் உங்களை அறிந்த மருத்துவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஒரு தீவில் இறங்கிய பிறகு டைவிங் பற்றித் தெரிந்த மருத்துவரைத் தேடி அலைவது வீண்வேலை. பயண இன்சூரன்ஸையும் அப்போதே எடுத்துப் பாருங்கள். ஸ்கூபாவை அடியோடு விலக்கிவைக்கும் பாலிசிகள் உண்டு. தகுதி பெற்ற பயிற்றுநரோடு, குறிப்பிட்ட ஆழம் வரை என்று நிபந்தனை போடுகிறவையும் உண்டு.

எந்த நாளில் வைப்பது?

கடைசி நாளில் வைக்காதீர்கள், விமானம் காத்திருக்கும். டைவ் முடிந்த உடம்பில் கூடுதல் நைட்ரஜன் கரைந்திருக்கும். காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் அது குமிழிகளாகக் கிளம்பக்கூடும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்று டான் எனப்படும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. ஒரு முழு நாள் விட்டுவிட்டால் கணக்குப் பார்க்கவே வேண்டாம். மலைப்பாதையில் உயரம் ஏறுவதற்கும் இதே விதி.

முதல் நாளும் வேண்டாம். பயணக் களைப்பு, தூக்கமின்மை, உடம்பில் நீர் வற்றியிருப்பது எல்லாம் சேர்ந்து நிற்கும். இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் காலை நல்லது. முந்தின இரவு மது வேண்டாம். சளி பிடித்திருந்தால் டைவைத் தள்ளிவையுங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்ற யோசனை ஆபத்தானது. இறங்கும்போது வேலை செய்த மருந்து பாதியில் தீர்ந்துவிட்டால், ஏறும்போது காதுக்குள்ளோ சைனஸுக்குள்ளோ காற்று மாட்டிக்கொள்ளும்.

மையத்தைத் தேர்ந்தெடுப்பது

சுவரில் பெரிய பயிற்சி நிறுவனத்தின் சின்னம் ஒட்டியிருப்பது ஆரம்பம்தான். கூட்டிப்போகிற ஆளின் தகுதிச் சான்று அட்டையைப் பார்க்கக் கேளுங்கள். டைவர்களை வழிநடத்திக் கூட்டிப்போகிற டைவ் மாஸ்டர் வேறு, பயிற்றுநர் வேறு. புதியவருக்குக் கற்றுத்தருகிற தகுதி இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல மையத்தில் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்து கேட்க வேண்டியது, "ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்?" விதிப்படி சில நிறுவனங்கள் 4 பேர் வரை அனுமதிக்கின்றன. என்னைக் கேட்டால், முதல் டைவுக்கு இரண்டு பேருக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். நாலு பேரில் ஒருவருக்குக் காது அடைத்தால் பயிற்றுநரின் கண் அவர்மேல் இருக்கும். அந்த நேரத்தில் மற்ற மூவர் என்ன செய்வார்கள்?

கடலுக்கு முன்னால் குளத்திலோ நிற்கிற ஆழத்திலோ பயிற்சி உண்டா, தண்ணீருக்குள் உண்மையில் எத்தனை நிமிடம், எவ்வளவு ஆழம், படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பயிற்சியே இல்லாமல் நேராகக் கூட்டிப்போய், சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்து உங்களைத் தள்ளிக்கொண்டே போய், பதினைந்து நிமிடத்தில் மேலே கொண்டுவந்து விடுகிற இடங்களும் இருக்கின்றன. நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். வீடியோ மட்டும் அருமையாக வந்திருக்கும்.

வீடியோ என்றதும் ஒன்று. உங்களைக் காப்பாற்ற வேண்டியவரே கேமராவும் பிடிப்பது சரியில்லை. படம் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஆள் வரட்டும். நீங்களும் கையில் கேமராவோடு இறங்காதீர்கள், கைக்கு வேறு வேலை இருக்கிறது.

சாமான்களோடு அறிமுகம்

முதுகில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. அதில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். தூய ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே நஞ்சாகிவிடும். வாயில் கடிக்கும் ரெகுலேட்டர், நீங்கள் இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ற காற்றைத் தரும். ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் உருவாக்கிய கருவியின் வழிவந்ததுதான் இது. மஞ்சள் நிறத்தில் இன்னொரு ரெகுலேட்டர் தொங்கும், அது அவசரத்துக்கு. பி.சி.டி. என்ற ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினால் மிதப்பீர்கள், இறக்கினால் அமிழ்வீர்கள். இடுப்பில் ஈய எடை. வெப்பக் கடலிலும் வெட்சூட் வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். 28 டிகிரி தண்ணீரிலும் நேரம் ஆக ஆகக் குளிர ஆரம்பிக்கும்.

படகில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சோதனையை நீங்களே செய்யுங்கள். சிலிண்டர் வால்வைத் திறந்ததும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் 200 பார் (அழுத்த அலகு) பக்கத்தில் நிற்க வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் தொப்பென்று சரிந்தால் வால்வு மூடியிருக்கிறது அல்லது முழுசாகத் திறக்கவில்லை. உடனே பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். காற்றுக்கு எந்த வாசனையும் இருக்கக் கூடாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இலேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஓரத்தில் ஒரு முடிக்கற்றை சிக்கினாலே தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு இது தீராத தொல்லை. மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு மட்டும் ஒட்டக் கத்தரித்தால் பெருமளவு நிற்கும். அதற்கு மனசு வரவில்லை என்றால் தண்ணீரை வெளியேற்றும் வித்தையை மற்றவர்களைவிட நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவர்களுக்குப் பவர் உள்ள மாஸ்க் பல மையங்களில் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சன்ஸ்கிரீனைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் போன்ற ரசாயனங்கள் பவளத்துக்குக் கேடு என்று பசிபிக் தீவு நாடான பலாவும் அமெரிக்காவின் ஹவாயும் அவற்றுக்குத் தடையே போட்டிருக்கின்றன. சட்டை போட்டால் இந்தக் கவலையே இல்லை.

நிற்கிற ஆழத்தில் பழகுவது

ரெகுலேட்டரைக் கடித்து முகத்தைத் தண்ணீரில் வைத்த அந்த முதல் நிமிடம் யாருக்குமே விநோதமாகத்தான் இருக்கும். தண்ணீருக்குள் மூச்சு விடக் கூடாது என்பது உடம்புக்குப் பிறவியிலேயே தெரியும். அதனால் சின்னச் சின்னதாக, வேகமாக இழுப்பீர்கள். அப்படி இழுத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தங்கும். அது தங்கத் தங்கக் காற்றே போதாத மாதிரி தோன்றும், பதற்றம் ஏறும், மூச்சு இன்னும் வேகமாகும். இதை உடைக்க ஒரே வழி, இழுப்பதை மறந்துவிட்டு விடுவதில் கவனம் வைப்பது. குமிழிச் சத்தம் நீளமாகக் கேட்கும்படி மெதுவாக விடுங்கள். உள்ளே வருவது தானாக வரும்.

அடுத்தது மாஸ்க்குக்குள் வரும் தண்ணீர். பயிற்றுநர் வேண்டுமென்றே கொஞ்சம் நிரப்பச் சொல்வார். தண்ணீர் மூக்கின் மட்டத்துக்கு வரும்போது நெஞ்சு படபடக்கும். அப்போது மூக்கால் இழுக்காதீர்கள். வாயால் இழுத்து, நெற்றிப் பக்கம் மாஸ்க்கின் மேல்விளிம்பை இரண்டு விரலால் அழுத்தி, தலையை இலேசாக அண்ணாந்து, மூக்கால் நிதானமாக ஊதுங்கள். தண்ணீர் கீழ் விளிம்பு வழியே போய்விடும். ஒரே மூச்சில் போகாவிட்டால் இன்னொரு மூச்சு. இது கைக்கு வரும்வரை கடலுக்கு வரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் எடுத்துப் போட்டுக்கொள்வதையும் இங்கேயே பழகிவிடுங்கள்.

கைச்சைகைகளில் ஒன்று மட்டும் பலரைக் குழப்பும். கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். உற்சாகத்தில் கட்டைவிரலைக் காட்டினீர்களானால், பயிற்றுநர் உங்களை மேலே கூட்டிவந்துவிடுவார். 'ஏதோ சரியில்லை' என்பதற்கு விரித்த உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இருபக்கமும் ஆட்டிவிட்டு, எது சரியில்லையோ அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

இறங்குவது: காதின் வேகம்தான் உங்கள் வேகம்

கடல் மட்டத்தில் உள்ள அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது. மூன்று மடங்காக 20 மீட்டர் போக வேண்டும். அதாவது, விகிதப்படி மிகப் பெரிய மாற்றம் நடப்பது புதியவர்கள் போகிற அந்த முதல் 10 மீட்டரில்தான். 'கொஞ்ச ஆழம்தானே' என்று காது சும்மா இருக்காது.

மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினால் காதில் 'டப்' என்று ஒரு சின்னத் திறப்பு தெரியும். விமானத்தில் செய்வதேதான். அதை வலி வந்த பிறகு செய்யக் கூடாது, வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். தண்ணீர்மட்டத்திலேயே ஒரு முறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு முறை. தலைகீழாக இறங்குவதைவிடக் கால் கீழே இருக்கும்படி, கயிற்றைப் பிடித்து இறங்கினால் காது எளிதாகத் திறக்கும். எச்சில் விழுங்குவது, தாடையை அசைப்பது, அடைத்த காது மேலே இருக்கும்படி தலையைச் சாய்ப்பது எல்லாம் உதவும்.

திறக்கவில்லையா? நில்லுங்கள். காதைக் காட்டிச் சைகை செய்யுங்கள். ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலம் கொண்ட மட்டும் ஊதினால் உட்காதுக்கே சேதம் வரலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் சில மீட்டரிலேயே செவிப்பறை கிழியலாம். நாலைந்து முறை முயன்றும் வரவில்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை, அவ்வளவுதான். கூட வந்தவர்கள் காத்திருக்கிறார்களே என்ற சங்கடம்தான் பலரின் காதைக் கெடுக்கிறது.

மாஸ்க் முகத்தை இறுக்குவது போலிருந்தால் மூக்கால் அதற்குள் சிறிது காற்று விடுங்கள்.

கீழே போன பிறகு

மூச்சை அடக்காதீர்கள். டைவிங்கில் ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வார்கள். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, தண்ணீர்மட்டத்தில் இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி ஒன்றிரண்டு மீட்டர் எழும்பினாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. படமெடுக்க மூச்சைப் பிடிப்பது, பயந்து அடக்குவது இரண்டுமே கூடாது.

கையை முன்னால் கோத்துக்கொள்ளுங்கள், நீந்த வேண்டாம். மெதுவாகக் காலை அசைத்தால் போதும். பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் இன்னும் பக்கத்திலும் தெரியும். எட்டிப்பிடிக்கலாம் போலிருக்கும் பவளத்தை எதற்காகவும் தொடாதீர்கள். உயிருள்ள பவளம் தொட்டால் சாகக்கூடும். தீப்பவளம் உங்களைச் சுடும். கல் மாதிரிக் கிடக்கும் கல்மீனின் முதுகு முள்ளில் கடும் விஷம். காலில் மாட்டிய ஃபின்னின் (துடுப்பு) நுனி எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள், அதிகம் உடைப்பது அதுதான். சில மீட்டர் போனதும் சிவப்பு மங்கி எல்லாம் நீலப்பச்சையாகத் தெரியும், கண்ணில் கோளாறு இல்லை.

திடீரென்று பயம் வந்தால் மேலே பாய்ந்துவிடத் தோன்றும். பாயாதீர்கள். பயிற்றுநரின் கையைப் பிடித்து, அவர் கண்ணைப் பார்த்து, மூன்று நீண்ட மூச்சு விடுங்கள். அதற்குப் பிறகும் போக வேண்டும் என்றால் கட்டைவிரலைக் காட்டுங்கள். எந்த டைவையும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் யாரும் முடித்துக்கொள்ளலாம். டைவர்களுக்குள் இது எழுதப்படாத மரியாதை.

ஏறும்போதும் பிறகும்

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். வேகத்தைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார், நீங்கள் மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, சில மையங்களில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்துவார்கள். பொதுவாக 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும். புதியவர்கள் காற்றை வேகமாகக் குடித்துவிடுவார்கள், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். தண்ணீர்மட்டத்துக்கு வந்ததும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றும்வரை வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுக்காதீர்கள். மேலே வந்துவிட்டோம் என்று எல்லாவற்றையும் கழற்றுகிறவர்கள்தான் அலையில் உப்புத்தண்ணீர் குடிக்கிறார்கள்.

மாஸ்க்கில் இரண்டு சொட்டு மூக்கு ரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் சைனஸ் கோளாறுதான், அன்று மறுபடி இறங்க வேண்டாம். ஆனால் மூட்டு வலி, மரத்துப்போதல், அசாதாரண அசதி, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், நெஞ்சு வலி இவற்றில் எது வந்தாலும் தூங்கினால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். மையத்துக்குச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள், மருத்துவரிடம் போங்கள், டைவ் செய்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டான் அமைப்புக்கு 24 மணி நேர அவசரத் தொலைபேசி உண்டு. எண்ணைக் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துப்போய் மேலே படிக்க நினைத்தால், இந்த டைவைப் படிப்பின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். கிளம்பும் முன் எத்தனை கிலோ எடை கட்டினீர்கள், வெட்சூட் எந்த அளவு, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். அடுத்த மையத்தில் முதலில் கேட்பது இதைத்தான்.